ஒன்பதாம் வாரத்து மூக்குத்தி

மாதாப்பூர்,
12 ஜனவரி 2025

மதிப்புக்குரிய வசந்தகுமாரி அம்மாவுக்கு,

வணக்கம். என் பெயர் பகவதி. சொந்த ஊர் சாத்தூர். ஹைதராபாத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு திரையின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அருகருகே வைத்து, எது மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா லாரி செட்டில் மூட்டை இறக்குகிறார். என் வேலை என்னவென்று அவருக்கு விளக்க எனக்கு இன்னும் வரவில்லை.

உங்களை ஃபோனில் கூப்பிடலாம் என்று ரசிகர் குழுவில் சொன்னார்கள். முகம் தெரியாதவர்களோடு பேச எனக்கு நாக்கு எழாது. அதனால் முகவரி வாங்கிக் கடிதம் எழுதுகிறேன்.

‘வளையத்துக்கு அப்பால்’ தொடர் தொலைக்காட்சியில் வந்த 1988-இல் நான் பிறக்கவே இல்லை. இங்கே வந்த புதிதில், தெலுங்கு தெரியாமல் விடுதி அறையிலேயே கிடந்த நாட்களில், யாரோ டேப்பிலிருந்து ஏற்றிவைத்திருந்ததைப் பார்த்தேன். பதின்மூன்று வாரத்தையும் பார்த்து முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சனிக்கிரகத்துக்குப் போகும் கப்பலுக்கு ஒரு தமிழ்ப் பெண் கேப்டன், அவள் விண்வெளி உடையிலும் மூக்குத்தியைக் கழற்றாமல் இருக்கிறாள் என்பதை எழுதிய உங்கள் கணவர் சௌந்தரராஜன் சாரை நினைத்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஒன்பதாம் வாரத்தில் கேப்டன் மைதிலி எல்லோரையும் சின்னக் கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் உடையும் கப்பலில் நிற்கும் காட்சி. அவள் அழுவதில்லை. கண்ணைக்கூட இமைப்பதில்லை. குழுவில் எல்லோருக்கும் அதுதான் உயிர். ஆனால் மற்ற வாரங்களில் வலது மூக்கில் இருக்கும் மூக்குத்தி, அந்தக் காட்சியில் மட்டும் இடது மூக்கில் இருக்கிறது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். இல்லை என்று மீதிப் பேர். பெரிய சண்டையாக இருக்கிறது. நீங்கள் ஒரு வரி சொன்னால் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
பகவதி


தார்நாகா,
20 ஜனவரி 2025

பகவதிக்கு,

படத்தைத் திருப்பிப் போட்டார்கள். நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

இரண்டாவது வரி நீ கேட்காதது. வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் ஆறு வித்தியாசங்கள் என்று போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பென்சிலால் வட்டம் போடும். அதற்கு ஒரு கம்பெனி உனக்குச் சம்பளம் தருகிறது என்றால் சந்தோஷம். என் மூக்கில் வட்டம் போடாதே.

கேப்டனுக்கு மூக்குத்தி வைத்தது என் கணவரின் யோசனை என்று உங்கள் குழு நம்புவது எனக்குத் தெரியும். அது கழற்ற முடியாத பழைய திருகாணி. அழுக்கேறி இறுகிவிட்டிருந்தது. முதல் நாள் ஷூட்டிங்கில் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை, விட்டுவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார்.

இனி எழுதினால் விஞ்ஞானம் சம்பந்தமாக அவருக்கு எழுது. அவருக்குக் கடிதங்கள் பிடிக்கும்.

வசந்தகுமாரி


மாதாப்பூர்,
27 ஜனவரி 2025

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். எழுதாமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

படம் திருப்பப்படவில்லை அம்மா. உடையின் கழுத்துப் பட்டையில் இருக்கும் கொக்கி எல்லா வாரத்திலும் இடது பக்கம் இருக்கிறது. அந்தக் காட்சியிலும் இடது பக்கம்தான். தலை வகிடும் மாறவில்லை. படத்தைத் திருப்பியிருந்தால் இரண்டும் மாறியிருக்கும். மாறியது மூக்குத்தி மட்டும்.

அதோடு இன்னும் சில. அதற்கு முந்தைய காட்சியில் விளக்கு மைதிலியின் வலது பக்கம் இருக்கிறது. இந்தக் காட்சியில் வலது கன்னம் முழுக்க இருட்டு. உங்கள் வலது கன்னத்து மச்சம் தெரியவில்லை. முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மற்ற வாரங்களில் நீங்கள் அடிக்கடி இமைக்கிறீர்கள், வசனம் பேசும்போது தலையை ஆட்டுகிறீர்கள். இங்கே இருப்பவர் கல் மாதிரி நிற்கிறார். நடிப்பும் வேறு மாதிரி, உண்மையைச் சொன்னால், மற்ற எல்லா வாரத்தையும்விட நன்றாக இருக்கிறது.

தவறாக நினைக்க வேண்டாம். அது நீங்கள் இல்லை என்று நினைக்கிறேன். உங்களுக்குப் பதில் வேறு ஒருவர் நடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன்.

பகவதி


தார்நாகா,
4 பிப்ரவரி 2025

பகவதிக்கு,

அது நான்.

பதின்மூன்று வாரத் தொடரில் ஒன்பதாம் வாரத்தோடு முடிந்துபோகிற மைதிலியாக, மற்ற எட்டு வாரமும் நான் மோசமாக நடித்தேன் என்பதை நீதான் முதலில் எழுத்தில் தந்திருக்கிறாய். அது எனக்கும் தெரியும். பேசும்போது தலையை ஆட்டினேன், நாடகத்தில் ஆட்டுகிற மாதிரி. அதன் பிறகு யாரும் என்னை நடிக்கக் கூப்பிடவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சி என்னுடையது. சனத்நகரில் ஒரு தகர ஷெட்டில், உருட்டுக் கம்பி குவித்திருந்த மூலையில், கரி பூசிய அட்டைக்கு முன்னால் நின்றது நான். காய்கறிக் கடையில் என்னைப் பார்த்து இன்னும் யாராவது ஒருவர் ‘நீங்க மைதிலி இல்ல?’ என்று கேட்கிறார்கள். அந்தக் காட்சியை வைத்துத்தான் கேட்கிறார்கள்.

இந்த வீட்டில் எல்லாம் அவருடையது. ஆராய்ச்சிக் கூடத்துப் பட்டயங்கள், தொடர், புத்தகங்கள், மகன் நிகிலின் படிப்பு எல்லாம் அவர் பெயரில்தான். என் பெயரில் இருப்பது அந்தக் காட்சி ஒன்றுதான்.

உன் அப்பா மூட்டை இறக்குகிறார் என்று எழுதியிருந்தாய். எந்த மூட்டை கிழிந்திருக்கிறது, எது எடை குறைகிறது என்று பார்க்கிற புத்தி உனக்கு அங்கிருந்து வந்திருக்கும். நான் சரக்கு இல்லை. என்னைப் புரட்டிப் பார்க்காதே.

வசந்தகுமாரி


மாதாப்பூர்,
23 பிப்ரவரி 2025

அம்மாவுக்கு,

என் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை மதியம் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். சாயங்காலம் குழுவில் எழுதிவிட்டேன். கொக்கி, வகிடு, விளக்கு, மச்சம், எல்லாவற்றையும் படங்களோடு போட்டேன். ‘ஒன்பதாம் வாரத்து மைதிலி வசந்தகுமாரி அல்ல’ என்று தலைப்பு வைத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சௌந்தரராஜன் சாரே வந்து பதில் எழுதினார். “இந்தப் பெண்ணின் கண்ணுக்கு என் வணக்கம். அன்று என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. வேறு ஒரு பெண்மணி நடித்தார். வசந்தாவின் மனம் நோகக் கூடாது என்று இத்தனை வருடம் சொல்லவில்லை.” குழுவில் எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

போன ஞாயிறு என்னை உங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார். நீங்கள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். உங்களிடம் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன். சார் பேசிக்கொண்டே இருந்தார், நடுவில் எழுந்திருக்க எனக்குத் தெரியவில்லை. மார்ச் கடைசியில் சிகந்திராபாத்தில் ரசிகர்கள் நடத்தும் விழாவில் நானும் பேச வேண்டும் என்றார். நான் மேடையில் பேசியதே இல்லை. “உனக்குப் பின்னாடி நான் இருக்கேம்மா, பயப்படாதே” என்றார். என்னிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. உண்மை வெளியே வந்தது நல்லதுக்குத்தான்.

பகவதி


தார்நாகா,
1 மார்ச் 2025

பகவதிக்கு,

தபால் வரும் நேரம் அவர் தூங்குவார். அதனால்தான் உன் கடிதங்கள் என் கைக்கு வருகின்றன. இதையும் அவர் தூங்கும்போதுதான் எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம். ஃபோன் ஹாலில் இருக்கிறது, அவரும் ஹாலில் இருக்கிறார்.

அந்தக் காட்சிக்கு அவர் எழுதியிருந்தது அழுகை. மைதிலி கண்ணாடியில் கை வைத்து, போகிற கலத்தைப் பார்த்து விம்மி அழ வேண்டும். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது, ஒரு கப்பலையே ஓட்டிக்கொண்டு வந்தவள் அப்படி அழ மாட்டாள் என்று சொன்னேன். அவர் எழுதியதை நான் திருத்துவது அது முதல் தடவை. புறங்கையால் அடித்தார். மோதிரம் மூக்குத்தியில் மாட்டிக்கொண்டது. மாட்டியதை எடுக்காமல் கையை இழுத்தார். கழற்ற வராத திருகாணி என்று சொன்னேனே, அது வந்துவிட்டது.

காலையில் வலது மூக்கு கிழிந்து தையல் போட்டிருந்தது. வலது கண் பாதி மூடியிருந்தது. ஷெட் அன்று ஒரு நாள்தான் கிடைக்கும். மேக்கப் சின்னசாமி எதுவும் கேட்கவில்லை. இடது மூக்கில் ஒரு கல்லைப் பசை வைத்து ஒட்டினார். விளக்கை எடுத்து இடது பக்கம் வைக்கச் சொன்னார். மச்சம் வீக்கத்தின் மேல் பூசிய மாவுக்கு அடியில் இருந்தது. இமைத்தால் தையல் இழுக்கும், அதனால் இமைக்கவில்லை. முகத்தை அசைத்தால் வலிக்கும், அதனால் கல் மாதிரி நின்றேன்.

அழச் சொல்லி அவர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் அழவில்லை. வலியால் இல்லை. அழுதிருக்கலாம், கண்ணீர் வருவதற்கு இமைக்க வேண்டியதில்லை. அவர் எழுதிய வரியை அவர் கண் முன்னால் நான் செய்ய மறுத்தேன். அதைத்தான் நீங்கள் எல்லோரும் பார்க்கிறீர்கள்.

இப்போது அது வேறு ஒருத்தி என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சௌகரியம் பார். அந்த முகம் என்னுடையது இல்லை என்றால், அந்த முகத்தில் இருப்பதும் அவர் செய்தது இல்லை. இத்தனை வருஷம் அவருக்கே தோன்றாத வழியை நீ படம் போட்டுக் காட்டிக் கொடுத்தாய்.

எங்கள் ஹாலில் நீ ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். காபி வைத்தபோது காலை உள்ளே இழுத்துக்கொண்டு, டம்ளரைப் பார்த்து ‘தேங்க்ஸ்’ என்றாய். நான் குனிந்து நின்றேன். என் மூக்கு உன் கண்ணுக்கு ஒரு முழத்தில் இருந்தது. வலது மூக்கில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதன் பிறகு இடதில்தான் குத்திக்கொண்டேன். நீ பார்க்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அடித்ததை எழுத வேண்டாம். காரணமே வேண்டாம். ‘நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அது வசந்தகுமாரிதான்’ என்று குழுவில் ஒரு வரி எழுது. விழாவுக்கு முன்னால் எழுது.

வசந்தகுமாரி


மாதாப்பூர்,
9 மார்ச் 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. நீங்கள் சொல்வதை நம்புகிறேன்.

ஆனால் காரணம் இல்லாமல் ஒரு வரி எழுதினால் குழுவில் விட மாட்டார்கள். கொக்கி என்ன ஆயிற்று, விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சாரே ஒப்புக்கொண்ட பிறகு நான் எப்படி மாற்றிச் சொல்வது? சார் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடும். பழைய தொடர்களைச் சுத்தம் செய்து வெளியிடும் ஒரு நிறுவனத்தில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் உண்மையில் செய்ய விரும்பும் வேலை அது.

அப்பாவும் அம்மாவும் விழாவுக்கு வருகிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பா யாரிடமோ புது வேட்டி வாங்கச் சொல்லியிருக்கிறார். விழா முடிந்ததும் நிச்சயமாக எழுதுகிறேன்.

அதற்குள் உங்களால் முடிந்தால் ஒன்று செய்யுங்கள். மேல் வீட்டில் யாரையாவது விட்டு, உங்கள் மூக்கை வலது பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். தழும்பு தெளிவாகத் தெரிய வேண்டும். தையல் போட்ட டாக்டரின் சீட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஆதாரம் இருந்தால் என்னால் தைரியமாக எழுத முடியும்.

பகவதி


தார்நாகா,
14 மார்ச் 2025

பகவதிக்கு,

புகைப்படம் வராது. அவர் என்னை அடித்தார். நீ அதை வெளிச்சத்தில் வைத்துச் சரிபார்க்கக் கேட்கிறாய். இரண்டு பேரில் அவர் தேவலை, அவருக்குக் கோபமாவது இருந்தது.

விழாவுக்கு வருகிறேன். எந்தப் புடவை கட்ட வேண்டும் என்று எடுத்து வைத்துவிட்டார்.

உன் அப்பாவைப் பற்றி நான் எழுதியது தப்பு. இதற்கும் நீ கேட்டதற்கும் சம்பந்தமில்லை, தப்பு என்பதால் சொல்கிறேன்.

வசந்தகுமாரி


மாதாப்பூர்,
2 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு,

நீங்கள் முதல் வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது மேடையில் மைக்குக்கு வெளியே நடந்தது மட்டும்தான். அதை எழுதுகிறேன்.

சார் திடீரென்று மைக்கில், ஒன்பதாம் வாரத்தில் நடித்த பெண்மணியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னபோது எனக்கும் அதிர்ச்சிதான். சத்தியமாக எனக்கு முன்னால் தெரியாது. சகுந்தலா அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். அவர் தொடருக்கு உடை தைத்த டெய்லர் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். காது சரியாகக் கேட்பதில்லை. தொடரில் வேலை செய்தவர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று சொல்லித்தான் சனத்நகரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். சால்வையை என்னிடம் கொடுத்துப் போர்த்தச் சொன்னார் சார்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சகுந்தலா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எதுக்கும்மா இப்பிடி தட்டறாங்க? நான் தைக்கத்தானே செஞ்சேன்” என்றார். நான் குனிந்து அவர் காதில், “அதுக்குத்தாம்மா” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் நின்று தட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து உங்களைப் பார்த்தேன். நீங்களும் தட்டினீர்கள்.

சொன்னபடி நேற்று குழுவில் எழுதிவிட்டேன். ‘நான் தவறு செய்துவிட்டேன். ஒன்பதாம் வாரத்தில் நடித்தது வசந்தகுமாரி அம்மாதான்.’ நீங்கள் கேட்ட அதே வரி. யாரும் நம்பவில்லை. ஒரு வயதானவரின் மனம் நோகக் கூடாது என்று நான் பொய் சொல்வதாக நினைக்கிறார்கள். எவ்வளவு நல்ல மனம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். சாரும் கை கூப்பும் படம் போட்டிருக்கிறார்.

அந்த நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. முதலில் ‘வளையத்துக்கு அப்பால்’ தொடரைத்தான் சுத்தம் செய்யப் போகிறார்களாம். ஒன்பதாம் வாரம் என் பொறுப்பு. பெயர்ப் பட்டியலில் சகுந்தலா அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லி சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எப்படியாவது தள்ளிப்போடப் பார்க்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் அம்மா.

பகவதி


தார்நாகா,
11 ஏப்ரல் 2025

பகவதிக்கு,

பெயரைச் சேர்த்துவிடு. தள்ளிப்போட வேண்டாம்.

நீ எழுதிய வரியை அழித்துவிடு. விழாவுக்கு முன்னால் அது உண்மையாக இருந்திருக்கும். இப்போது அது நீ எனக்குப் போடுகிற பிச்சை, அதையும் ஊரே நின்று பார்க்கிறது. அதற்கு நான் கை நீட்ட மாட்டேன்.

சகுந்தலாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. விழா முடிந்து போகும்போது என்னிடம் வந்து, ‘அம்மா, கழுத்துப் பட்டை உங்களுக்கு இறுக்கமா இருந்துச்சுன்னு அன்னைக்குப் பிரிச்சுத் தெச்சேனே, ஞாபகம் இருக்கா’ என்று கேட்டாள். நான் அங்கே இருந்தேன் என்பதற்கு இன்று மிச்சமிருக்கும் சாட்சி அவள் ஒருத்திதான். அவர் பக்கத்திலேயே நின்றார். அவளுக்குக் காது கேட்காது என்பதால் என்னிடமே சிரித்துக்கொண்டு, ‘பாவம், குழம்பிப்போயிருக்கா’ என்றார்.

மேல் வீட்டு சபீனா நேற்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் காட்சியை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, “ஆன்ட்டி, இது யாரு? நான் நீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்” என்றாள்.

முழுவதும் பார்த்தேன். பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது.

“சகுந்தலான்னு ஒருத்தங்க” என்றேன்.

“சூப்பரா பண்ணிருக்காங்க, இல்ல ஆன்ட்டி?”

“ஹவ்” என்று இந்த ஊர் வழக்கில் ஆமாம் சொன்னேன்.

வசந்தகுமாரி